இரண்டடி மின்னல்

கணக்குப்படி ஐந்தடி. பாய்ந்தது இரண்டடி.

டெஸ்லா காயிலின் உச்சியிலிருந்து சீறிக் கிளம்பிய ஊதா மின்னல், பாதி வழியில் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆய்வு மாணவி ஸ்விட்சை அணைத்தாள்.

"இது மூணாவது தடவை," என்றார் பேராசிரியர். "சமன்பாடு என்னோடது. இருபது வருஷமா அதுல ஒருத்தன் தப்பு சொன்னதில்லை."

"நான் தனியா ஓட்டும்போது நாலே முக்கால் அடி வருது சார்."

"ஓஹோ, என்னைப் பார்த்தா மட்டும் வெட்கப்படுதாக்கும்! வெள்ளிக்கிழமை காலைல என் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடமாட்டேன்."

அவர் போய் வெகுநேரமாகியும் அவள் காயிலையே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்று வருட உழைப்பு வீணாய்ப் போய்விடும். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள்.

வெள்ளியன்று எல்லோருக்கும் முன்னால் வந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தன் மூச்சுச் சத்தமே அவளைப் பயமுறுத்தியது.

கதவு திறந்தது. ஆய்வுக்கூட உதவியாளர். ஃபியூஸ் போனால் ஓடிவந்து போடுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'ஃபியூஸ் அண்ணன்'. ஓசைப்படாமல் காயிலின் அடியில் குனிந்தார். செம்புக் கிளிப்பைக் கழற்றி, அடிச்சுருளில் இரண்டு சுற்று தள்ளி மாட்டினார். ஒரு சுற்று தள்ளினாலே மின்னல் சுருங்கிவிடும்.

"கூட இருந்தே குழி பறிச்சது நீங்கதானா அண்ணே?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

"கத்தாதம்மா."

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? சார் வரட்டும், இன்னிக்கே உங்க வேலை போகுதா இல்லையா பாருங்க!"

"போனா போகட்டும். அந்தக் கிளிப்பை மட்டும் பழைய இடத்துல மாட்டிடாத. உன்னைக் கும்பிடறேன்."

அவள் ஏற்கெனவே கழற்றிப் பழைய இடத்தில் மாட்டிவிட்டாள். தாழ்வாரத்தில் ஷூ சத்தம் கேட்டது.

ஃபியூஸ் அண்ணன் அவள் காதருகே வந்து கிசுகிசுத்தார். "போன மாசம் சார் லீவுல போனது ஊரைப் பார்க்க இல்லம்மா. நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சாங்க. கூட இருந்தது நான். இந்த மாதிரி மெஷின் பக்கமே போகாதீங்க, அது தடுமாறி நின்னுடும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். கேட்டாத்தானே? வெளிய தெரிஞ்சா இந்த ரூமுக்குள்ள விடமாட்டாங்கன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டார். அவர் வர்றப்ப மட்டுமாவது மின்னல் குறைஞ்சா ஆபத்தும் குறையும்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான். அந்த ரெண்டடிக்கே அன்னிக்கு அவர் சுவரைப் பிடிச்சுக்கிட்டார். நீ ஸ்கேலைப் பார்த்துட்டிருந்த."

பேராசிரியர் உள்ளே வந்தார். நேராகக் காயிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ம், போடு ஸ்விட்சை."

இத்தனை நாள் மின்னல் எட்டவில்லையே என்று பயந்தவளுக்கு, எட்டிவிடுமோ என்று இப்போது உள்ளங்கால் சில்லிட்டது.

முதுகுக்குப் பின்னால், தன் கையாலேயே காயிலில் ஆயிரம் சுற்று சுற்றிய மெல்லிய கம்பியில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள்.

"கம்பி அறுந்துபோச்சு சார். என் தப்புதான்."