பின் டயரில் ஒரு சிலுவை

ஒலக்கூர்க் காலனியின் கல்லறை மேட்டில், பக்கத்து நிலத்துக்காரன் அரங்கநாதனின் டிராக்டர் ஒருபக்கமாகச் சரிந்து நிற்கிறது. பாரத்துக்காகப் பின் டயருக்குள் அடைத்திருந்த தண்ணீர் சீறிக்கொண்டு பீய்ச்சுகிறது. காலை வெயிலில் ஒரு நொடி மினுங்கி, உழுத மண்ணில் விழுந்து சேறாகிறது. டயரைக் குத்தியிருப்பது ஓர் இரும்புச் சிலுவையின் கூரான அடிக்கால். சுண்ணாம்பு வாளியோடு வரப்பில் நிற்கும் இருதயமேரி கண் கொட்டாமல் அதையே பார்க்கிறாள். அது அவள் புருஷன் அந்தோணிசாமியின் சிலுவை. போன வாரம் இதே டிராக்டர்தான் கல்லறைகளையும் சேர்த்து உழுது, அதைப் பிடுங்கிப் போட்டது. நாளைக்குக் கல்லறைத் திருநாள். நேற்று அவளே அதைத் திரும்பப் புதைத்தாள், தலைகீழாக. சிலுவையின் கைகள் மண்ணுக்குள், கூர் மேலே. புதைக்கும்போது ஆண்டவரிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டாள். இப்போது கேட்கத் தோன்றவில்லை.

"இன்னாடி வேலை இது? ஜல்தியா வந்து புடுங்குடி!" சீட்டிலிருந்தே கத்துகிறான் அரங்கநாதன்.

"போன வாரம் நீங்கதானே புடுங்கனீங்க? இப்பவும் நீங்களே எறங்கிப் புடுங்குங்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்பில்லாத காலைக் கீழே நீட்டுகிறான். இருதயமேரி குச்சியால் சுண்ணாம்பை நிதானமாகக் கலக்குகிறாள்.

"பாத்து வைங்க காலை. நீங்க புடுங்கிப் போட்டது பன்னண்டு சிலுவை. ஒன்னு விடாம நட்டு வெச்சிருக்கேன்."

நீட்டிய கால் அந்தரத்திலேயே நிற்கிறது.