நானூறு மீட்புப் படகுகள்

இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டில் முடிச்சூரில் தெருவுக்கு இரண்டு மீட்புப் படகு தயாராக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதற்கென்றே ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனிக்குக் கூட்டாக இரண்டு ஆடிட்டர்கள். அவர்களில் ஒருத்தி கோமளவல்லி. நானூறு படகுகள் இருப்பதாக ஆறு வருஷமாக அழகாகக் கையெழுத்துப் போட்டு வந்தவள்.

அந்த ஐப்பசி மதியம் வெள்ளம் அவள் குடியிருப்பின் முதல் மாடிக்கு ஏறியது. எத்தனை தடவை கூப்பிட்டும் படகு வரவில்லை. மொட்டை மாடியில் நனைந்துகொண்டே சக ஆடிட்டர் சேதுமாதவனுக்குப் போன் போட்டாள்.

"சார், கம்பெனி ஷெட்டுக்குப் போய்ப் படகை எண்ணினது நீங்கதானே?"

"நானா? நீங்க எண்ணியிருப்பீங்கன்னுதான் மேடம் நான் கையெழுத்தே போட்டேன்."

"நானும் அப்படித்தான் சார்" என்றாள். வேறென்ன சொல்வது?

ஒரு மணி நேரம் கழித்துக் காசிமேட்டு மீனவர் எல்லப்பன் தன் சொந்தப் படகோடு வந்தார்.

"எத்தினி பேரு, அக்கா?"

"பதினொண்ணு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு அது.

"இருக்கட்டும், நானும் ஒரு தபா பாத்துக்கிறேன்" என்று எல்லப்பன் மாடியைச் சுற்றி வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காது கேட்காத பெரியவர் ஒருவர் தார்ப்பாய்க்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

கோமளவல்லியால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எல்லோரும் படகில் ஏறியதும் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"பன்னெண்டு."

எல்லப்பன் தலையாட்டிவிட்டு, முதல் ஆளிலிருந்து தானும் எண்ணத் தொடங்கினார்.