வெறும் வயிறு

ரத்தம் எடுக்க வந்த பெண், "வெறும் வயிறுதானே அக்கா?" என்று கேட்டாள். தமயந்தி தலையாட்டுவதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "இவளா? அடுப்படியில ஒளிச்சு வச்சுத் திங்கிறவம்மா. காத்தக் குடிச்சா இந்த உடம்பு வந்துச்சு?"

ஒரு வருடமாக அவள் அரை வயிறுதான் சாப்பிடுகிறாள். எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தைராய்டாக இருக்கலாம், ரத்தத்தில் தெரிந்துவிடும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அந்த நோயைத்தான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழாய் கருஞ்சிவப்பாக நிறைந்தது. தனக்காகப் பேச இதுவாவது இருக்கிறதே என்று அதையே பார்த்தாள்.

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்த பெண், "பயப்படாதீங்கக்கா, எல்லாம் நார்மலா வரும்" என்றாள்.

தமயந்தி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதம்மா."