ஒரு வரி மட்டும் வேண்டாம்

"பாட்டு பிரமாதம் மிஸ். ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க" என்றார் சிவசங்கரன்.

ஒத்திகை அப்போதுதான் முடிந்து, குழந்தைகள் ஊஞ்சலுக்கு ஓடியிருந்தார்கள். பெங்களூரு வைட்ஃபீல்டில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுசில் பொங்கல் விழாக் குழுவினர் மூன்று பேரும் பாட்டு மிஸ் சோஃபியாவும் மட்டும்தான் மிச்சம். சனிக்கிழமைதோறும் காக்ஸ் டவுனிலிருந்து வந்து பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

"எந்த வரி சார்?"

"அந்தக் கரப்பான் வரி. 'கரப்பானைக் கண்டு கட்டில் ஏறினது யாரு? எங்கப்பா.' 'செருப்பால அடிச்சுத் தூக்கிப் போட்டது யாரு? எங்கம்மா.' பசங்க மனசுல என்ன பதியும் சொல்லுங்க. நான் ஜெனரலா சொல்றேன்."

சிவசங்கரன் குழுவின் தலைவர். வாட்ச்மேன் முதல் தண்ணீர் லாரி டிரைவர் வரை அவர் குரலைக் கேட்டாலே நிமிர்ந்து நிற்பார்கள். பக்கத்தில் இருந்த உத்தமன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அது இருக்கட்டும் சார், செம காமெடி. எனக்கு அந்த சீரியல் வரிதான் இடிக்குது. 'சீரியல் பாத்துத் தேம்பினது யாரு? எங்கப்பா.' எந்த வீட்டுல சார் இப்படி நடக்குது?"

ஜிம்மே கதி என்று கிடப்பவன் உத்தமன். அவன் சட்டைக் கையைப் பார்த்தால், உள்ளே இருக்கும் புஜம் எப்போது தையலைப் பிரித்துக்கொண்டு வருமோ என்று தோன்றும்.

"நீங்க என்ன சொல்றீங்க பத்ரி?" என்று கேட்டார் சிவசங்கரன்.

பத்ரிநாத் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவனுக்குக் கரப்பானும் பிரச்சினை இல்லை, சீரியலும் பிரச்சினை இல்லை. 'ரெட்டைப் பின்னல் போட்டது யாரு? எங்கப்பா' என்ற வரிதான் அவனுக்கு இடித்தது.

மனைவி வித்யாலட்சுமி காலை ஆறு மணிக்கே எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் கேப் ஏறிவிடுவாள். ஏழு வயது சிந்துவுக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, ரெட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி அனுப்புவது அவன்தான். யூடியூப் பார்த்து ஆறு மாதம் பழகிய கைவேலை. அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் பக்கத்து வீட்டில் கேட்டபோது, வேலைக்கு வரும் அக்கா பின்னிவிடுகிறாள் என்று அளந்துவிட்டிருந்தான். போதாததற்கு, 'எங்கப்பா' என்று பாடும்போது குழந்தைகள் எல்லாரும் கீழே உட்கார்ந்திருக்கும் தங்கள் அப்பாவை விரல் நீட்டிக் காட்டவும் வேண்டுமாம். நானூறு வீட்டுக்காரர்களுக்கு நடுவில் சிந்துவின் விரல் தன்னை நோக்கி நீளுவதை நினைத்தாலே அவனுக்கு வியர்த்தது.

"நீங்க சொன்ன ரெண்டு வரியும் இருந்துட்டுப் போகட்டும் சார். ஜாலியா இருக்கு. அந்தப் பின்னல் வரி மட்டும்தான் கொஞ்சம்... தாளத்துல உட்காரல."

"உனக்குத் தாளம் எல்லாம் தெரியுமா?" என்றான் உத்தமன்.

"தெரியாதா பின்ன" என்று முறைத்தான் பத்ரிநாத்.

சோஃபியா ஒரு பேனாவை எடுத்து மூன்று வரிகளையும் வட்டமிட்டுக்கொண்டார்.

"எடுத்துடலாம் சார். ஆனா பசங்க ஏன்னு கேப்பாங்களே?"

"பசங்க எதுக்குக் கேக்கணும்?"

"எதுக்கா? 'வீட்டுல அப்பா என்ன செய்வார்'னு எழுதித் தாங்கன்னு ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்திருந்தா? பேரு போட வேண்டாம்னும் சொல்லியிருந்தா? எது எந்த வீட்டுதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" அவர் மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராக நிதானமாகப் பார்த்தார். "இப்பதான் புரியுது."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக மூன்று பேரும் தாங்களே வந்து தலையைக் கொடுத்திருந்தார்கள். உத்தமன் கூரையைப் பார்த்தான். சிவசங்கரன் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஒருத்தரோட படைப்புல கை வைக்கிறது நாகரிகம் இல்ல" என்றார் அவர் கடைசியில். "ஒரு வார்த்தை மாத்தாதீங்க மிஸ்."

"அதான் சார், நானும் அதையேதான் சொல்ல வந்தேன்" என்றான் உத்தமன்.

பத்ரிநாத் தாளம் பிசகாமல் தலையை ஆட்டினான்.

கூட்டம் கலைந்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெட்ரோவுக்குப் போக கேட்டில் ஆட்டோ ஏறிக்கொண்டிருந்த சோஃபியாவிடம் மூச்சிரைக்க ஓடினான்.

"மிஸ், சிந்து எழுதின அந்தச் சீட்டை மட்டும் கொடுத்துடுங்க. வேற யார் கையிலயாவது கிடைச்சா, கையெழுத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க."

"சிந்துவுக்குப் பின்னிவிடுறது நீங்கதானா? வகிடு நூல் பிடிச்ச மாதிரி இருக்கும் சார். எந்தப் பார்லர்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

அத்தனை பதற்றத்திலும் பத்ரிநாத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தேங்க்ஸ் மிஸ். ஆனா அந்தச் சீட்டு..."

"'சீட்டுக் கொடுத்திருந்தா?'ன்னுதானே சார் கேட்டேன், கொடுத்தேன்னா சொன்னேன்?" என்றார் சோஃபியா, ஆட்டோ கிளம்பும்போது. "மூணு வரியும் எங்க வீட்டுக்காரர் நோயல் ஒருத்தரைப் பாத்தே எழுதினது."