ஒரே நுகத்தில் இரண்டு மூச்சு

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் சம்பந்தியம்மா செண்பகவல்லி. போன ஆடியில், கோயிலுக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது சொன்னார்.

மயிலை, செவலை என்று இரண்டு காளைகள். ஒரே நுகத்தில் பூட்டி ரேக்ளா பந்தயம் ஓடுகிறவை. மயிலைக்கு வயதாகிவிட்டது. அன்றைய பந்தயத்தில் தோற்றால் செங்கல் வண்டிக்குப் போக வேண்டியதுதான்.

வண்டியைக் கோட்டில் நிறுத்தியதும், ஓடுவதற்கு முன்பே செவலைக்கு மூச்சு வாங்கியது. வாலைச் சுழற்றிக்கொண்டே இருந்தது.

“என்னடா தம்பி, எறும்பு ஏறிடுச்சா?” என்றது மயிலை.

“வேகம் ஏத்துற மருந்து உருண்டை தின்னுட்டேண்ணே. பக்கத்து வண்டிக் காளைங்க எல்லாம் தின்னுறானுங்க. நாம மட்டும் என்ன இளிச்சவாயா?”

“பந்தயத்துக்கு விடுறதுக்கு முன்னாடி மாட்டு டாக்டர் வாயை மோந்து பார்த்தாரேடா!”

“அதுக்குத்தான் வேப்பிலையை மென்னேன். பேசாம ஓடுண்ணே. உன்னைச் செங்கல் இழுக்க விடமாட்டேன்.”

மயிலைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பக்கத்தில் அந்த மூச்சிரைப்பைக் கேட்கக் கேட்க அதற்கு இருப்புக் கொள்ளவில்லை.

“உன் மூச்சைக் கேட்டுத்தாண்டா இத்தனை வருஷமும் காலை எடுத்து வச்சேன். இது யாரு மூச்சுன்னே எனக்குத் தெரியலையே” என்று சொல்லிவிட்டு, நுகத்தோடு அப்படியே படுத்துக்கொண்டது.

கொடி விழுந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டன. செவலையின் கால்கள் மட்டும் நின்ற இடத்திலேயே ஓடின.

“நிறுத்த முடியலைண்ணே” என்று அழுதது.

இன்றைக்கு விளக்கேற்றும்போது அந்தச் செவலைக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.