சிலிர்க்காத கிடாய்

முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கிடாய் சிலிர்த்தால் சாமி சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம், அடுத்தது அரிவாள்தான். பக்கத்தில் கால் கட்டிக் கிடந்த சேவல் இதைச் சொன்னதும் கிடாய்க்குச் சுர்ரென்று ஏறியது.

"குளிர்ந்தா சிலிர்க்கிறது என் தோலுடா! இதுல சாமி எங்க வந்தாரு?"

"அதை அவங்ககிட்ட சொல்லுண்ணே."

"சொல்றேன், பாரு."

மூன்று குடம் ஊற்றினார்கள். கிடாய் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக நின்றது.

"சாமி வேண்டாங்கிறாரு!" பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். கிடாயோ நகரவில்லை, சேவலின் கால்கட்டைக் கொம்பால் நெம்பியது.

"அதையும் விடச் சொல்றாரு!" கூட்டமே கும்பிட்டது.

வேலியைத் தாண்டியதும் கிடாய் உடம்பை ஒரே உதறாக உதறியது. நனைந்துபோன சேவல் கேட்டது: "இப்பத்தான் சம்மதமா, சாமி?"

"சம்மதம்தான். ஓடுடா!"