பசியெடுக்காத புலி

எழுதியதை அனுப்பிவிட்டு, சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள் ஞானபாக்கியம்.

"நான் சாம்சன் இல்ல. அவிய சம்சாரம். அவிய போயி நாளையோட ஒரு வருசம். இத்தன நாளும் ஆட்ட நகத்துனது நாந்தான். மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

திரையில் பச்சை எழுத்துகளில் அது நின்றது. இனி அழிக்க வழியில்லை.

காலை எட்டு மணி. ராஜபாளையத்தின் அந்தத் தெருவில் பாண்டேஜ் துணித் தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அவளுக்கு ஒரு சத்தமும் காதில் விழவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் அவள் கணவர் சாம்சன் இளவயதில் வாங்கியது. கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் மொத்தமும் அடங்கிவிடும். திரைக்குப் பழைய டிவி. தினமும் காலையில் அதைப் போன் லைனில் மாட்டி, அதிலிருந்தே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு போன் போடுவார். அங்கே ஐயாதுரை என்பவர் வீட்டில் இதேபோல் இன்னொரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அது எடுத்ததும் திரையில் ஒரு பலகை திறக்கும். அதில் நாலு வரி எழுதி வைக்கலாம். ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு காய் நகர்த்தலாம். ஆடு சாம்சனுக்கு, புலி ஐயாதுரைக்கு.

லேண்ட்லைன் போன பிறகு, அந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வைஃபை பெட்டி வந்தது. வேறெதுவும் மாறவில்லை.

டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரம். இருபத்தைந்து வருடத்தில் இரண்டு பேரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை, குரலைக் கேட்டதில்லை. எதுவானாலும் பலகையில்தான் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. கிறுக்குப் பிடித்த மனிதர்கள்.

சாம்சனை அடக்கம் செய்த மறுவாரம், அந்தக் கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைக்கலாம் என்றுதான் போட்டாள். பலகை தானாகத் திறந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஒரு வரி: 'சாம்சன், உங்க முறை.'

அவளால் மூட முடியவில்லை.

ஆட்டம் அவளுக்குத் தெரியாது. ஆனால் சாம்சன் ஒவ்வொரு நகர்த்தலையும் தேதி போட்டு நோட்டில் எழுதுகிறவர். கடைசிப் பக்கங்களைப் பார்த்தாள். ஒரு நாள் ஓர் ஆடு ஒரு புள்ளி முன்னே. மறுநாள் அதே ஆடு ஒரு புள்ளி பின்னே. மாதக்கணக்கில் அப்படியே. இதுதான் ஆட்டம்போல என்று அவளும் அதையே செய்தாள்.

ஒரு வருடமாகப் புலி ஓர் ஆட்டைக்கூட அடிக்கவில்லை. சாம்சன் இருக்கும்போதே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "ஐயாதுரைக்கு வயசாயிட்டு ஞானம். புலிக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போச்சு."

அந்தப் பலகையில் மட்டும் சாம்சன் உயிரோடு இருந்தார். அதற்காகத்தான் இந்தப் பொய். ஆனால் நாளை நினைவு ஜெபம். பொய்யை மனதில் வைத்துக்கொண்டு முழங்காலிட அவளுக்கு ஒப்பவில்லை. சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருந்தால், அங்கே தட்டத் தட்ட இங்கே எழுத்து விழும்.

'நா' என்று விழுந்தது. நின்றது. அழிந்தது.

மறுபடி விழுந்தது.

"நானும் ஐயாதுரை இல்லம்மா."

ஞானபாக்கியம் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவுக மக பாண்டிசெல்வி. அப்பா தவறி ரெண்டரை வருசம் ஆச்சு. சாம்சன் சார் மனசு ஒடஞ்சி போயிருவாகன்னு சொல்லல. எனக்குப் புலி ஆடவே தெரியாதும்மா."

இல்லாத மனிதருக்குப் பயந்து பயந்து ஒரு வருடம் பொய் சொல்லியிருக்கிறாள். அது போகட்டும். ரெண்டரை வருடமா? அப்படியென்றால் சாம்சனும் அல்லவா ஏமாந்திருக்கிறார்! செத்துப்போனவரோடு ஆடுகிறோம் என்று தெரியாமல், பல்லுப் போச்சு பல்லுப் போச்சு என்று சிரித்துக்கொண்டே போய்ச்சேர்ந்துவிட்டாரே.

என்றைக்கு என்று கேட்டாள்.

"ஜூன் பதினாலு."

அதுவரை பார்த்தேயிராத பழைய பக்கங்களுக்கு நோட்டைப் புரட்டினாள்.

அந்த ஜூனுக்கு முன்னால் ஆட்டமே வேறாக இருந்தது. 'ரெண்டு ஆடு போச்சு.' 'இன்னைக்கும் ஒண்ணை முழுங்கிட்டான்.' 'புலியைக் கட்டிட்டேன்!' ஒரு நாளாவது ஒரே ஆடு முன்னும் பின்னும் போகவில்லை.

ஜூன் பதினாலு: 'போன் போட்டேன். அந்தப் பக்கம் எடுக்கலை.'

பதினைந்து: 'எடுக்கலை.'

விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். சரியாகப் பதினாறு நாள்.

பதினேழாவது நாள்: 'எடுத்தாச்சு. ஆட்டைப் புலி வாய்க்கு நேரா வச்சேன். அடிக்கலை.'

அதற்கு மறுநாள்தான் அந்த ஆடு முதல்முறையாக ஒரு புள்ளி பின்னே போயிருந்தது. பக்கத்தில் பென்சிலில், பொடி எழுத்தில், சாம்சன் எழுதியிருந்தார்:

'புலி புதுசு. பயங்காட்டக் கூடாது.'